அடித்த ரிவெட்டைக் கழற்றலாமா?

மாலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்துவிட்டு, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்காரும் ஓய்வூதியக்காரர் கூட்டம் ஒன்று எங்களுடையது. இங்கிலாந்தில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு நான் திரும்பி வந்ததும், "அங்கே என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். லண்டன் பாலம், அரண்மனை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். "மாப்பிள்ளையும் பேரனும் வீட்டிலேயே கார் கட்டுகிறார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

ஒருவர் சிரித்தார். "காசு கொடுத்தா கடையில கார் கிடைக்காதா? படிச்ச பிள்ளைக்கு டிங்கர் வேலை எதுக்கு?" என்றார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆயுள் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்குப் பேச்சில் வேகம் வராது, எழுத்தில்தான் வரும். அதனால் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், வீட்டில் கார் கட்டுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இது பழைய பழக்கம். 1957-இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 'செவன்' என்ற சின்ன இருவர் காரைக் கொண்டுவந்தார். கூரை கிடையாது, கதவு என்று சொல்லத்தக்கதும் கிடையாது. எடை அரை டன்னுக்குப் பக்கம்தான். அந்தக் காலத்தில் அங்கே புதுக் காருக்குக் கொள்முதல் வரி அதிகம். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் விளக்கத்தைக் கூடவே கொடுத்தால் அது முழுக் கார் ஆகிவிடும் என்று விதி இருந்ததாம். அதனால் கம்பெனிக்காரர்கள் 'கழற்றும் விளக்கம்' என்று ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் காரைப் பூட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். விதிகளோடு குடித்தனம் நடத்திய என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இதைக் கேட்டதும் மனம் குளிர்ந்தது.

1973-இல் அங்கே வரி முறை மாறி அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு லோட்டஸ் அந்தக் காரைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். சலுகை போனாலும் வீட்டில் கட்டும் ஆசை மட்டும் போகவில்லை. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனில் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஓர் அங்குலச் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் அமைத்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரிலிருந்து எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகளை எடுத்துப் பூட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்துவது அதன் வழி. மாப்பிள்ளை எடுத்துக்கொண்டதும் இந்த வகைதான். வெல்டிங்குக்குத் தனக்குக் கை வராது என்று சட்டத்தை மட்டும் தயாராக வாங்கிவிட்டார். தகடு வேலை முழுக்க வீட்டுக் கொட்டகையில்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. எலும்புக்கூடு மாதிரி வெறும் சேசிஸ், அதன்மேல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து ஓட்டிப் போகும் டிரைவர், இந்தக் காட்சியை நெடுஞ்சாலையில் பார்க்காதவர் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சேசிஸ் கரூருக்குப் போய், சட்டம் அடித்து, தகடு போர்த்தி, பேருந்தாகத் திரும்பி வரும். அதே வேலையைச் சின்ன அளவில் வீட்டில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. தகடு என்றால் மேலே போர்த்தும் சட்டை மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாப்பிள்ளை நான்கு மரக்குச்சிகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்து ஒரு சதுரம் செய்து என் கையில் கொடுத்தார். "அழுத்திப் பாருங்க மாமா" என்றார். அழுத்தினேன், சதுரம் சாய்ந்து பதங்கு மாதிரி ஆயிற்று. அதன்மேல் ஓர் அட்டையை வைத்து ஓரமெல்லாம் ஆணி அடித்துத் திரும்பக் கொடுத்தார். இப்போது எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. தரைத் தகடும், கியர் பெட்டியை மூடும் நடுக் கூண்டின் தகடும், பக்கத் தகடும் சட்டத்துக்கு அந்த வேலையைச் செய்கின்றன. வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டம் முறுக்காமல் பிடித்துக்கொள்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே தகடு சரியாக உட்காரவில்லை என்றால் அது வெறும் அழகுக் குறை மட்டும் ஆகாது.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். எடுத்ததும் அலுமினியத்தில் கத்தரி வைப்பதில்லை. முதலில் தடித்த அட்டை. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, சட்டத்தின் மேல் வைத்து, குழாய் வரும் இடம், திருகு வரும் இடம் எல்லாம் குறித்து வெட்டி, நாலைந்து தடவை வைத்துப் பார்த்து, அட்டை ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் அதைத் தகட்டின் மேல் வைத்து வரைவார்கள். அட்டை போனால் போகிறது, தகடு போனால் காசு. பக்கத் தகடு ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆனால் ஆள் நீளத்துக்கு மேல் ஒரே துண்டாக வேண்டும்.

வரைவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மடிக்கும் இடத்தில் கூரான ஊசியால் கோடு கீறினால், மடிக்கும்போது அந்தக் கீறலிலேயே தகடு விரிந்துவிடும். பென்சிலும் ஆகாது. பென்சில் கரி அலுமினியத்தோடு சேர்ந்து ஈரம் பட்டால் அரிக்கும். மையூற்றிய குறிப்பேனாதான் சரி. நாற்பது வருஷம் பென்சிலில் டிக் அடித்தவன் நான். பேரன் என் கையிலிருந்த பென்சிலை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு ஒரு குறிப்பேனாவைக் கொடுத்தான்.

மடிப்பதற்கு இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தகட்டை இறுக்கிப் பிடித்து, கொட்டாப்புளியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கித் தட்டினால் அந்த இடம் நீண்டு, தகடு அலை அலையாகிவிடும். ஒருமுறை நீண்ட அலுமினியத்தைத் திரும்பச் சுருக்குவது நம்மைப் போன்றவர் கையில் ஆகிற காரியமில்லை. நல்ல டிங்கருக்கு மட்டும்தான் அது வரும்.

பிறகு துளை. தகட்டையும் அடியில் இருக்கும் குழாயையும் சேர்த்துத் துளைக்கிறார்கள். துளைத்ததும் ரிவெட் அடிப்பதில்லை. வில் வைத்த ஊசிகள் இருக்கின்றன, துணிக்குக் குண்டூசி குத்துவது மாதிரி. அவற்றைத் துளைகளில் செருகித் தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, சுற்றி வந்து பார்த்து, திரும்பவும் கழற்றி, துளை விளிம்பில் இருக்கும் பிசிறை இரண்டு பக்கமும் வழித்து, சுருளெல்லாம் துடைத்து, அதன் பிறகே பசை தடவி ரிவெட் அடிக்க வேண்டும். அந்தப் பசை ஒட்டுவதற்கு மட்டும் இல்லை. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு நீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். இங்கே நமக்குக் கடற்காற்று. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அதனால்தான் சட்டத்துக்கு முதலிலேயே பெயிண்ட், நடுவில் பசை. ரிவெட்டையும் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டு கோடியையும் முதலில் அடித்துவிட்டால் நடுவில் தகடு உப்பி நிற்கும்.

இப்படித் தற்காலிகமாகப் பூட்டிப் பார்ப்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, 'மோந்தாஜ் ஆ ப்ளான்'. வெள்ளைப் பூட்டல் என்று சொல்லலாம். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்தான். ஆனால் இந்தச் சொல்லைப் பள்ளியில் கற்கவில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர் இருந்தார். தன் மோட்டார் சைக்கிளைத் திண்ணையில் பிரித்துப் போட்டுக்கொண்டு, எதையும் இறுக்குவதற்கு முன் இதைச் சொல்வார். நாங்கள் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். என் அப்பா வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். "பிரெவே பாஸ் பண்ணுடா, மசி பூசிக்காதே" என்பார். பிரெவே பாஸ் பண்ணினேன். கையில் எண்ணெய் மசி படவே இல்லை. பேனா மசிதான் பட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடது பக்கத் தகடு முந்தின வாரமே முடிந்துவிட்டது. வலது பக்கம் அன்று. காலையிலிருந்து வேலை. மாப்பிள்ளைக்கு மறுநாள் அலுவலகம், மாலைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். இடது பக்கம் நன்றாக வந்துவிட்ட தைரியத்தில், ஊசி குத்திச் சுற்றி வந்து பார்க்கும் வேலையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, பசை தடவி ரிவெட் அடிக்க ஆரம்பித்தார்கள். ஐம்பதுக்கும் மேல் அடித்தாயிற்று. ஒவ்வொன்றும் டக், டக் என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் பேரன் எஞ்சினை மூடும் பானட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தான். இடது பக்கம் காசு நுழையும் இடைவெளி. வலது பக்கம் விரல் நுழைந்தது.

அளந்து பார்த்தார்கள். ஓட்டுநருக்கு முன்னால் வரும் வளைவுச் சட்டம் வலது பக்கம் ஆறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. வண்டியை நிறுத்தியிருந்த முக்காலிகளில் ஒன்று, தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துக் கட்டிய தரையில் நின்றது. ஆகவே வண்டியே ஒரு பக்கம் சாய்ந்திருக்க, வளைவுச் சட்டத்தை மட்டும் ரசமட்டம் வைத்து மட்டமாகப் பூட்டியிருக்கிறார்கள். ரசமட்டம் பொய் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்து அளக்க வேண்டியதைப் பூமியைப் பார்த்து அளந்தது நம் தப்பு. அந்தச் சாய்ந்த சட்டத்தில்தான் வலது தகட்டின் மேல் மடிப்பைப் பசையும் ரிவெட்டும் போட்டு இறுக்கியாயிற்று.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, ஒரு ரப்பர் பட்டை ஒட்டிட்டா வெளியே தெரியாது. யார் ஸ்கேல் வச்சு அளக்கப் போறாங்க?" என்றார். அவர் சோம்பேறி இல்லை. களைத்துப் போயிருந்தார். பேரனுக்குப் பதினாறு வயது. அப்பாவை மறுத்துப் பேச மனமில்லாமல் என் பக்கம் திரும்பி, "தாத்தா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தகட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் மூடி மறைப்பதைப் பற்றித் தெரியும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, என் மனைவிக்கும் முழுதாகச் சொல்லாத ஒன்றை அவர்களிடம் சொன்னேன்.

எண்பதுகளில் நான் ஓய்வூதியக் கோப்புகள் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கடைநிலை ஊழியர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு பிறந்த தேதி, பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதி. பதினோரு மாத வித்தியாசம். முறைப்படி அதைத் திருப்பி அனுப்பி, விளக்கம் கேட்டு, தீர்த்துவைத்த பிறகே கணக்குப் போட வேண்டும். மாதக் கடைசி. மேலே இருந்து நெருக்கடி. 'பதிவேட்டில் உள்ளபடி' என்று ஒரே வரியில் குறிப்பு எழுதி, சான்றிதழ் நகலைக் கோப்பின் அடியில் தள்ளி அனுப்பிவிட்டேன். கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவரும் சில வருஷம் பென்ஷன் வாங்கினார். யாரும் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை.

அவர் இறந்த பிறகு, அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டபோதுதான் வேறொருவர் அந்த இரண்டு தேதிகளையும் ஒன்றாகப் பார்த்தார். கோப்பு நின்றது. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் அதன்மேல் விழுந்த ஒவ்வோர் ஒப்புதலையும் பின்னோக்கி அவிழ்க்க வேண்டும். அந்த அம்மாள் கறுப்புக் குடை ஒன்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஒன்றே கால் வருஷம் நடந்தார். ஒருநாளும் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவார், நான் உதவி செய்கிறவன் என்று நினைத்து. அந்த ஒரு வரி என் கையெழுத்து என்று அவரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.

சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. மகள் எழுந்து என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். மாப்பிள்ளை, "சனிக்கிழமை பிரிச்சுடலாம்" என்றார்.

பிரிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். ரிவெட்டின் தலையை அதே அளவுத் துளையூசியால் ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். அடியில் இருக்கும் வால் குழாய்க்குள் விழுந்து, பிறகு வண்டி ஓடும்போது கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். அதைக் காந்தத்தால் இழுக்கலாம் என்றால் அலுமினியம் காந்தத்துக்கு வராது. சட்டத்தை ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். பசை ரிவெட்டைவிடப் பிடிவாதம். மெல்லிய கம்பியை நுழைத்து இழுத்து இழுத்து அறுத்தார்கள். முடிவில் தகடு கழன்று வந்தது, ஆனால் நெளிந்து போயிற்று. புதுத் தகடு வாங்க வேண்டியதாயிற்று. சில துளைகள் பெரிதாகிவிட்டதால் அந்த இடங்களுக்கு மட்டும் ஓர் அளவு பெரிய ரிவெட். இரண்டு சனி, ஒரு ஞாயிறு போயிற்று. நெளிந்த தகட்டையும் பேரன் எறியவில்லை. நேரான பகுதிகளை வெட்டி, காலால் மிதிக்கும் பெடல்களைச் சுற்றி வரும் சின்னச் சின்ன மூடிகளைச் செய்துவிட்டான்.

இங்கே ஒரு வாசகர் கேட்கக்கூடும்: அப்படியானால் எந்தக் குறையையும் விடக் கூடாதா? எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே இருந்தால் கார் எப்போது ஓடும்? நியாயமான கேள்வி. அந்த இடது பக்கத் தகட்டில் ஒரு கீறல் இருக்கிறது. நான்தான் நாற்காலியை நகர்த்தும்போது போட்டேன். அதற்காக யாரும் தகட்டைக் கழற்றவில்லை. கியர் கூண்டின் ஒரு வரிசையில் ரிவெட்டுகள் நேர்க்கோட்டில் இல்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கின்றன. அதையும் விட்டுவிட்டார்கள். உறுதிக்கு அதனால் குறைவில்லை, மேலே விரிப்பும் வந்துவிடும்.

ஐந்து மாதம் வேடிக்கை பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். ஒரு குறையின்மேல் அடுத்து ஏதாவது உட்காரப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கீறலின்மேல் எதுவும் உட்காராது, விட்டுவிடலாம். வளைவுச் சட்டத்தின்மேல் பானட் உட்காரும், முன்கண்ணாடி உட்காரும், மழைக்கான கூரைத் துணியும் அதிலிருந்துதான் இழுக்கப்படும். ஆறு மில்லிமீட்டர் ஒவ்வொன்றிலும் தொடர்ந்து வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பட்டை தேட வேண்டியிருக்கும். என் கோப்பிலும் ஓர் எழுத்துப்பிழை இருந்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பிறந்த தேதியின்மேல்தான் மற்றதெல்லாம் உட்கார்ந்திருந்தது.

அதனால், அடித்த ரிவெட்டைக் கழற்றலாமா என்றால், மேலே எதுவும் வருவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. முதல் நாள் ஐம்பது ரிவெட். ஒரு மாதம் கழித்து என்றால் முழு வண்டி. கழற்ற வேண்டிய நிலையே வராமல் இருக்க வழி, அந்தச் சொல்தா சொன்ன வெள்ளைப் பூட்டல். இடது பக்கம் நன்றாக வந்தது என்பதற்காக வலது பக்கத்தில் அதைச் சுருக்கக் கூடாது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். படித்த பிள்ளைக்கு டிங்கர் வேலை எதற்கு? தாளில் செய்த தப்பு சத்தம் போடாது, பல வருஷம் அடியில் படுத்துக் கிடக்கும். தகட்டில் செய்த தப்பு அன்று மாலையே விரலை நுழைத்துப் பார் என்று சொல்லிவிடும். தப்பின் விலை என்ன என்று ஒரு பிள்ளை பதினாறு வயதில், ஒரு தகட்டின் விலையில் தெரிந்துகொண்டால் லாபம்தான். நான் நாற்பது வயதுக்கு மேல், இன்னொருவர் செலவில் தெரிந்துகொண்டேன். என் அப்பா என்னை அந்தத் திண்ணையில் உட்கார விட்டிருந்தால் நான் நல்ல குமாஸ்தாவாக இருந்திருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே நாமும் இப்படிக் கார் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது. ஆகவே ஆசைப்பட்டு ஆரம்பித்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே ஒற்றை வண்டியைக்கூடக் கொண்டுபோய்க் காட்டி அனுமதி வாங்க ஒரு சோதனை இருக்கிறது. கடுமையான சோதனை. கை படும் இடத்தில் வெளி விளிம்பு கூராக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும் என்பது வரை பார்க்கிறார்கள். 'கட்டு, ஆனால் கொண்டுவந்து காட்டு' என்ற அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு வழி வந்தால் நல்லது. அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு பழைய சைக்கிளையோ, கழன்ற கதவையோ கொடுங்கள். பக்கத்து டிங்கர் கடைக்காரரை நீங்கள் ஐயா என்று கூப்பிட்டு, பிள்ளைகளையும் கூப்பிடச் சொல்லுங்கள். நாம் பட்டியும் பெயிண்டும் என்று நினைக்கும் வேலையில், அவர் கண் பிடிக்கும் ஒரு மில்லிமீட்டரை நம்மில் பலர் ஸ்கேல் வைத்தும் பிடிக்க மாட்டோம்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை கொட்டகைக்குப் போனேன். பானட் இரண்டு பக்கமும் ஒன்றுபோல உட்கார்ந்திருந்தது. முழுக்க ஒன்றுபோல என்று சொல்ல முடியாது. வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்கும். "இது பரவாயில்லையா தாத்தா?" என்று பேரன் கேட்டான். "இதுக்கு மேலே என்ன உட்காரும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றான். "அப்ப விட்டுடு" என்றேன். வண்டி இன்னும் சோதனைக்குப் போகவில்லை.

அந்த அம்மாளின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை. அவர் இப்போது இல்லை. இருக்கும்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.